மூடிய கை

நனைந்த விரிப்பை இருவர் இரு முனையிலும் பிடித்து உதறுகையில் எழும் ஓசை, சலவைக்கூடத்தில் பணி செய்வோர்க்கு மூச்சைப் போன்றது. நடக்கும்போது தெரியாது, நின்றால்தான் தெரியும். அன்று நண்பகலில் அது நின்றது.

ரோலருக்கு இடப்பக்கம் நின்றவளின் இடுப்பில் செருகியிருந்த கைப்பேசி அதிர்ந்தது. அவள் விரிப்பின் முனையை விட்டுவிட்டு அதை எடுத்துக் காதில் வைத்தாள். வலப்பக்கம் நின்றவள் பதறிப்போய்க் காலருகே இருந்த கட்டையை மிதித்து இயந்திரத்தை நிறுத்தினாள்.

"ஏண்டி, சொல்லிட்டு விடக்கூடாதா? பாதித் துணி உள்ள போயாச்சு. இப்ப இது சுருங்கி அப்பளமா வெளிய வரும். யாரு பதில் சொல்றது?"

இடப்பக்கத்தாள் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பேசியவர் மருத்துவமனை நோய்ப்பிரிவின் சிஸ்டர். "பொண்ணோட ரத்தத்துல கிருமி ஏறியிருக்கும்மா. கொஞ்சநஞ்சம் இல்லை. சாயங்காலம் நானே வீட்டுக்கு வரேன். ரெண்டு பேரும் இருங்க. அவளைத் திட்டிடாதீங்க."

நீராவி மலைமுகட்டு மஞ்சுபோல் கூடம் முழுதும் கவிந்திருந்தது. அதனுள் அவள் கைப்பேசியை மீண்டும் இடுப்பில் செருகினாள். பக்கத்து வரிசையில் சட்டைகளுக்கு இஸ்திரி போடுகிறவர்களின் சிரிப்பு எங்கோ தொலைவிலிருந்து வருவதுபோல் கேட்டது.

ரோலர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழலும் இரண்டு கொதிக்கும் உருளைகள். விடுதிகளிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் வரும் விரிப்புகள் ஈரமாய் உள்ளே போய், உலர்ந்து தகடாக மறுபுறம் வரும். இருவர் ஒரே வேகத்தில் கொடுக்க வேண்டும். ஒருத்தி பிந்தினால் துணி கோணும். ஒருத்தி தடுமாறினால் மற்றவளின் கை உருளையை நோக்கி இழுபடும். ஆகவே இங்கே ஜோடியை மாற்றுவதில்லை. இவ்விருவரும் ஜோடி சேர்ந்தது இடப்பக்கத்தாளின் மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய காலத்தில். வலப்பக்கத்தாள் மூத்தவள், ஒன்றைக் கேட்டால் ஊருக்கே சொல்லிவிடுவாள் என்பதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். அந்தப் பெயரை அவள் பட்டம்போல் சுமந்தாள். பதிலுக்கு இவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்தவளும் அவளே.

"யாருடி போன்ல? மாமாவா?"

"இல்லக்கா. வீட்டுல கொஞ்சம் வேலை. அரை நாள் லீவு கேக்கணும்."

"அந்த மாமா என்னிக்காவது ஒரு நாள் வீட்டுக்கு வருவாரா, இல்ல ஆயுசு பூரா போன்லயே குடும்பம் நடத்துவாரா? நானும் கீழ்வீட்டுல இருந்து பாக்கறேன், ஒரு செருப்புகூட வாசல்ல கண்டதில்லை."

அவள் சிரித்து வைத்தாள். உதடு மட்டுந்தான் சிரித்தது.

மாமா என்று ஒருவர் இல்லை. தாய்க்கும் மகளுக்கும் எச்.ஐ.வி. இருந்தது. கணவன் அதை வீட்டுக்குக் கொணர்ந்து, மகள் தவழும் முன்பே அதனாலேயே போய்ச் சேர்ந்தான். வயிற்றில் இருக்கையிலேயே தாயிடமிருந்து மகளுக்கு வந்தது. நாள் தவறாமல் ஒரு மாத்திரை விழுங்கினால் கிருமி அடங்கிக் கிடக்கும், விட்டால் தலையெடுக்கும். மகள் விவரம் அறிந்து கேட்ட நாளில் தாய் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். மற்றவர்முன் அந்தச் சொல்லைச் சொல்லாதிருக்க இருவருமாகக் கண்டுபிடித்ததுதான் மாமா. மேல்நேரம் பார்க்கும் மாலைகளில் தாய் சலவைக்கூடத்திலிருந்து அழைத்து, "மாமாகிட்ட பேசிட்டியா?" என்பாள். "பேசிட்டேன்மா" என்று விடை வரும். மற்ற நாட்களில் இருவரும் மேசையில் எதிரெதிரே அமர்ந்து, ஆளுக்கொரு மாத்திரையும் ஆளுக்கொரு குவளைத் தண்ணீருமாக அதை முடிப்பார்கள். அப்படியிருக்கக் கிருமி எப்படி ஏறும்?

சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே விடுப்புக் கொடுத்தான். "நாளைக்கு விடுதி லோடு மூணு வண்டி வருது. நீ வரலைன்னா ரோலர் நிக்கும். தெரியுமில்ல?"

"வந்துடுவேன் சார்."

*

வீடு, மாடியில் ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும். மகள் பயிற்சிக்கூடத்திலிருந்து ஏற்கெனவே வந்திருந்தாள். பதினேழு வயது, மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றும் வேலை கற்கிறாள். மேசைமேல் எரிந்துபோன ஒரு மின்விசிறி மோட்டாரைப் பிரித்துப் போட்டு, கருகிய கம்பியைக் குறட்டால் பிடுங்கிக்கொண்டிருந்தாள். கருகிய வார்னிஷின் நாற்றம் அறையெங்கும் நிறைந்திருந்தது.

தாய் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"உண்மையைச் சொல்லு. நீ மாத்திரை போடறியா இல்லையா?"

"போடறேனே. தினம் உன் எதிர்லதானே போடறேன்."

"அப்ப ரத்தத்துல எப்படி ஏறும்? சிஸ்டர் போன் பண்ணினாங்க."

மகளின் குறடு ஒரு கணம் நின்று மீண்டும் இயங்கியது. "எனக்கு எப்படித் தெரியும்? ரத்தத்தைக் கேளு."

"என்ன பேச்சுடி இது? கொழுப்பா?"

"கொழுப்பு இருந்தா நல்லதுதானே. மெலிஞ்சுட்டேன், மெலிஞ்சுட்டேன்னு நீதானே புலம்பறே."

தாயின் கை ஓங்கியது. ஓங்கிய கை சுவரில் மாட்டியிருந்த துண்டை எடுத்துக்கொண்டு முகத்தைத் துடைத்தது. இதற்கு முன் ஒருமுறையும் அவள் மகளை அடித்ததில்லை. தொட்டால் உடைந்துவிடும் பாண்டம்போலவே வளர்த்தாள். முட்டையின் வெள்ளையைத் தான் தின்று மஞ்சளை மகளுக்கு வைப்பாள். மழையில் நனைந்து வந்தால் மகளின் தலையைத் துவட்டிய பிறகுதான் தன் தலை நினைவுக்கு வரும். அந்த உடம்பின் ஒவ்வொரு தும்மலும் அவளுக்குத் தெரியும். எது தெரியாமல் போயிற்று?

"யாராவது ஏதாவது சொன்னாங்களா? பையன் எவனாவது?"

"அம்மா. சும்மா இரு."

"இல்ல, வாழ்க்கையே வேண்டாம்னு..."

மகள் குறட்டைக் கீழே வைத்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்போது மாடிப்படியில் செருப்பொலி கேட்டது; கீழிருந்து ரேடியோவின் குரலும் தொடர்ந்தது. "யாரும்மா நீங்க? இன்சூரன்ஸா? அவ கட்ட மாட்டா, கஞ்சம். என்கிட்ட வாங்க." அரை நாள் சம்பளத்தை இழந்து அவளும் பின்னாலேயே வீடு வந்து சேர்ந்திருந்தாள். ரோலரை ஒற்றையாய் ஓட்ட முடியாது, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

*

சிஸ்டர் சீருடையில் வரவில்லை. வெளிர்நிறப் புடவையும் தோளில் ஒரு துணிப்பையும். நாற்பதைத் தாண்டியவர். மேசைமேல் கிடந்த மோட்டாரைப் பார்த்து, "எங்க வார்டுல ஒரு ஃபேன் சுத்தவே மாட்டேங்குது, கொண்டாந்து குடுத்தா சரி பண்ணுவியா?" என்றார். "காயில் எரிஞ்சிருந்தா பண்ணலாம் சிஸ்டர், பேரிங் போயிருந்தா என்கிட்ட கொண்டாராதீங்க" என்று மகள் சொன்னபோது, அன்று முதன்முறையாக அவள் முகத்தில் வெளிச்சம் தட்டியது.

"சரி, இப்ப நான் உங்க ரெண்டு பேர்கிட்டயும் சில கேள்வி கேக்கப் போறேன். மாத்திரையைப் பத்தி மட்டும் இல்ல. உடம்பு, மனசு, சாப்பாடு, தூக்கம், பேச்சுத்துணை எல்லாமே. முதல்ல இவகிட்ட. தனியா."

"அவளைப் பத்தி எனக்குத் தெரியாதது என்ன இருக்கு சிஸ்டர்? என்னையே கேளுங்க. ராத்திரி ரெண்டு தடவை புரளுவா. மாசாமாசம் வயித்து வலி. கீரையைக் கண்டா ஆகாது. போன வாரம் இருமல்..."

"நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும்மா. ஆனா அவ கைதான் பதில் சொல்லணும்." சிஸ்டர் தம் வலக்கையை உயர்த்திக் காட்டினார். விரல்களை மடக்கி மூடினார். பிறகு ஒவ்வொன்றாக விரித்தார். "நான் ஒண்ணு கேப்பேன். துளிக்கூட இல்லைன்னா கையை மூடிக் காட்டணும். ரொம்ப இருக்குன்னா அஞ்சு விரலும். நடுவுல எவ்வளவோ அவ்வளவு விரல். வாயால சொல்ல வராததுகூட கையில வந்துடும். நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

அவள் மாடிப்படித் தளத்துக்கு வந்து நின்றாள். கதவு சாத்தப்பட்டது. சமையற்கட்டின் கண்ணாடிச் சன்னல் அந்தத் தளத்தை நோக்கித்தான் இருந்தது. அதன் வழியே உள்ளறையின் ஒரு கீற்றுத் தெரிந்தது: மேசையின் பாதி, சிஸ்டரின் முதுகு, மகளின் தோளும் கையும். குரல் கேட்கவில்லை. கீழே சாவி வெட்டுகிறவனின் அரம் கறகறத்துக்கொண்டிருந்தது.

இமையாமல் பார்த்தாள். சிஸ்டரின் தலை அசைந்தது. மகளின் கை எழுந்தது: ஒரு விரல். ஒன்றுதானே, போகட்டும் என்று தேற்றிக்கொண்டாள். மறுபடி தலை அசைந்தது. மூன்று விரல். அப்புறம் நான்கு. அவள் சன்னல் விளிம்பை இறுகப் பற்றினாள். எது நான்கு? வலியா? எங்கே வலி? தெய்வமே, எனக்குத் தெரியாமல் எங்கே வலிக்கிறது இந்தப் பிள்ளைக்கு?

பிறகு மகளின் கை மூடியது.

அடுத்த கேள்விக்கும் மூடிய கை. அதற்கடுத்ததற்கும். சிஸ்டர் கொஞ்சம் முன்னால் குனிந்து ஏதோ நெடுநேரம் கேட்டார். அதற்கும் முஷ்டி மூடியே எழுந்தது. தாயின் தோள்கள் தளர்ந்தன. கோடையில் வாடிய பயிர் ஒரு தூறலுக்கே தலை நிமிர்வதுபோல் அவளுள் ஏதோ நிமிர்ந்தது. இல்லை, இல்லை, இல்லை என்கிறாள். ஒன்றும் பெரிதாய் இல்லை. ஏதோ பள்ளத்தில் கால் வைத்துவிட்டாள், எடுத்துவிடுவாள்.

"என்னடி, சொந்த வீட்டுக்கே திருடன் மாதிரி ஜன்னல் வழியா எட்டிப் பாக்கறே?" கீழ்ப்படியில் ரேடியோ நின்றாள். இடுப்பில் ஒரு கூடை வெங்காயம். "உள்ள போனாங்களே, அது யாரு? பொண்ணு பாக்க வந்திருக்காங்களா?"

"பயிற்சிக்கூடத்து டீச்சர்க்கா."

"டீச்சர் வந்தா நீ ஏன் வெளிய நிக்கறே? உன்னையும் முட்டி போட வெச்சுட்டாங்களா?"

கதவு திறந்தது. சிஸ்டர் உள்ளே வரும்படி கண்ணால் அழைத்தார். ரேடியோ கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு வெங்காயத்தோடு இறங்கிப் போனாள்.

*

"பாத்துட்டேன் சிஸ்டர்," என்று உள்ளே நுழையும்போதே சொன்னாள் தாய். குரலில் மகிழ்ச்சி நுரைத்தது. "ஜன்னல் வழியாப் பாத்துட்டேன், தப்பா நினைக்காதீங்க. கடைசியில எல்லாத்துக்கும் கையை மூடிட்டா. எனக்கு உசுரே வந்துச்சு."

சிஸ்டர் மகளைப் பார்த்தார். மகள் செம்புக் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நான் சொல்ல மாட்டேன்," என்றார் சிஸ்டர் மெல்ல. "அது உன் பதில். நீ சொல்றதா இருந்தா சொல்லு."

"அது நீ நினைக்கறது இல்லம்மா." மகள் நிமிரவில்லை. "முதல்ல வலி, கவலை இதெல்லாம் கேட்டாங்க. அதுல கையை மூடினா நல்லது. அப்புறம் கேள்வியைத் திருப்பிட்டாங்க. மனசுல இருக்கறதை யார்கிட்டயாவது சொல்ல முடியுதா? கையை மூடினேன். நிம்மதியா இருக்கா? மூடினேன். நாளைக்கு, அடுத்த வருஷம்னு யோசிக்கத் தோணுதா? மூடினேன். இன்னும் ஒண்ணு கேட்டாங்க. வாழணும்னு இருக்கான்னு."

தாய் மெல்ல நாற்காலியில் அமர்ந்தாள். சாவிக்கடை அரத்தின் ஓசை அறைக்குள் வந்து நிறைந்தது.

"எவ்வளவு சந்தோஷமாப் பாத்துட்டு நின்னே," என்றாள் மகள். குரலில் ஏளனம் இல்லை; இரக்கம் இருந்தது. அதுதான் தாயை வெட்டியது.

"ஏன்டா குட்டி? நான் என்ன குறை வெச்சேன் உனக்கு?"

"குறை ஒண்ணும் வெக்கலை."

சிஸ்டர் குறுக்கிட்டார். "அம்மா, இப்ப உங்க முறை. அவ வெளிய போகட்டுமா, இருக்கட்டுமா?"

"என் முறையா? எனக்கு என்ன சிஸ்டர். நான் நல்லாத்தானே இருக்கேன். இவளைச் சரி பண்ணுங்க, அது போதும்."

"ஒவ்வொரு மாசமும் கிளினிக்குல வந்து இதையேதான் சொல்றீங்க. உங்களைப் பத்திக் கேட்டா இவளைப் பத்திப் பேசுவீங்க. உங்க ரத்தம் பாக்கச் சீட்டு எழுதிக் குடுத்தா, வேலை இருக்குன்னு போயிடுவீங்க. நானும் விட்டுட்டேன். தப்பு என்னோடதும்தான். கையை நீட்டுங்க."

"நானும் இருக்கேன்," என்றாள் மகள்.

தாய் மேசைமேல் கையை வைத்தாள். நீராவியில் ஊறி ஊறி விரல்நுனிகள் வெளுத்துத் திரைந்த கை. மணிக்கட்டில் பழைய சூட்டுத் தழும்புகள் நிலாக்கீற்றுகள்போல் கிடந்தன.

"உடம்புல வலி ஏதாவது?"

மூடினாள்.

"தலைசுத்தல், தூக்கமின்மை, வேற ஏதாவது?"

மூடினாள்.

"கவலை?"

"இவளை நினைச்சுத்தான்..."

"கையால."

சற்றுத் தயங்கி, இரண்டு விரல்.

"மாத்திரை விடாம போடறீங்களா?"

ஐந்து விரல்களும் விரிந்தன.

"பொய்," என்றாள் மகள்.

அதைக் கத்திச் சொல்லவில்லை. ஆனால் தாயின் விரல்கள் தாமாக மடங்கின.

"துணியைத் தண்ணியில போடறதுக்கு முன்னாடி பையைத் தட்டிப் பாக்கணும்னு சொல்லிக் குடுத்தது யாரு? நீதானே? உன் வேலைச்சட்டைப் பையை நான்தானே தட்டறேன். உள்ளே மாத்திரை. ஒரு தடவைன்னா தவறி விழுந்திருக்கும்னு நினைப்பேன். மறுவாரம் மறுபடி. ஒருநாள் நான் கவனிக்காம ஊற வெச்சு, கரைஞ்சு, மஞ்சளா நூலோட ஒட்டிக்கிட்டிருந்துது. நகத்தால சுரண்டினேன். என் எதிர்ல உக்காந்து, என் முகத்தைப் பாத்துக்கிட்டே, கையில ஒளிச்சுட்டுத் தண்ணியை மட்டும் குடிச்சிருக்கே."

"குட்டி..."

"நான் இருக்கட்டும், நீ போறேன்னுதானே அர்த்தம்? 'உன்னைக் கரையேத்திட்டா என் வேலை முடிஞ்சுது' அப்படின்னு எத்தனை தடவை சொல்லியிருக்கே? நான் என்ன, நீ அடுப்புல வெச்ச பாலா? பொங்கினதும் இறக்கி வெச்சுட்டுப் போயிடறதுக்கு? சரி, நீ இல்லாத வீட்டுல நான் மட்டும் எதுக்கு முழுங்கணும்? நானும் ஒளிக்க ஆரம்பிச்சேன்."

எதிரெதிரே இருவர், நடுவே இரு குவளைகள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அன்பாகத் தண்ணீர் குடித்த அந்த மாலைகள் அனைத்தும் தாயின் கண்முன் வந்து நின்றன. மகளின் தொண்டை அசைவதைப் பார்த்து எத்தனை நாள் நிறைவு கொண்டிருப்பாள். தன் தொண்டையின் அசைவு அவளை ஏமாற்றிவிட்டது என்று எத்தனை நாள் நம்பியிருப்பாள்.

"சாகணும்னு இல்லடி," என்றாள். "ரோலர்."

சிஸ்டர் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"ராத்திரி அந்த மாத்திரை போட்டா காலையில தரை நழுவும் சிஸ்டர். கண்ணு முன்னால எல்லாம் தண்ணியா ஆடும். ஒருநாள் விரிப்பைக் குடுத்துக்கிட்டு இருக்கும்போதே சாஞ்சுட்டேன். துணி இழுத்துது. எதிர்ப்பக்கம் நிக்கறாளே, எங்க அக்கா, அவ கை உருளைக்கிட்ட போயிடுச்சு. கட்டையை மிதிச்சதால தப்பிச்சா. சூடு பட்டுத் தோல் உரிஞ்சுது, அவ்வளவுதான். 'தூங்கி வழியறியாடி'ன்னு திட்டிட்டு விட்டுட்டா. எனக்கு அன்னைக்கு ராத்திரி பூரா அந்தக் கைதான் தெரிஞ்சுது. சொன்னா ரோலரை விட்டு எடுத்துடுவாங்க. அதான் நிறுத்திட்டேன். நமக்கென்ன, பிள்ளை நிமிர்ற வரைக்கும் உடம்பு தாங்கும்னு..."

"இதை ஏம்மா எங்ககிட்ட சொல்லலை?"

"யாரும் கேக்கலை," என்றாள். அது பாதிதான் உண்மை என்பதும் அவளுக்குத் தெரிந்தது. "கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்."

சிஸ்டர் நீண்ட மூச்சு விட்டார். "அந்தத் தலைசுத்தல் அந்த மாத்திரையோட குணம். அது இல்லாத மாத்திரை இப்ப இருக்கு. இவ போடறது அதுதான். நீங்க வாயைத் திறந்திருந்தா என்னிக்கோ டாக்டர் மாத்தியிருப்பார். நின்னுபோனதை நீங்களா இப்ப ஆரம்பிக்காதீங்க. நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் வாங்க. உங்க ரத்தம் பாத்துட்டு டாக்டர் புதுசாத் தொடங்குவார்." மகள் பக்கம் திரும்பினார். "உன்னைப் பத்தி அவர்கிட்ட கேட்டுட்டேன். நீ இன்னைக்கே ஆரம்பிக்கலாம். நாள் தள்ளினா, இந்த மாத்திரையையே கிருமி மதிக்காமப் போயிடும். அப்புறம் வேற, அதுக்கப்புறம் வேற. அவ்வளவு வகை நம்ம கையில இல்ல."

"அம்மா போட்டா நான் போடுவேன்."

"அம்மாவுக்கு நாளைக்குத்தான்."

"அப்ப நாளைக்குப் பாக்கலாம்."

சிஸ்டர் எழுந்தார். அதட்டவில்லை, உபதேசிக்கவுமில்லை. வாசலில் நின்று செருப்பை மாட்டியபடி, "ராத்திரி எத்தனை மணியானாலும் போன் பண்ணலாம், ரெண்டு பேருமே," என்று மட்டும் சொல்லி இறங்கினார்.

*

வெளிச்சம் சாய்ந்தது. தாய் சோறு வடித்து, முட்டையை அவித்து, வெங்காயம் வதக்கினாள். கை பழக்கத்தில் வேலை செய்தது. இருவரும் உண்ண அமர்ந்தார்கள். முட்டையில் மஞ்சளை எடுத்து மகள் தட்டில் வைக்கப் போனாள். மகள் தட்டை நகர்த்திக்கொண்டாள்.

மாத்திரைச் சிமிழைத் திறந்து ஒன்றை மேசைமேல் வைத்தாள் தாய். பக்கத்தில் தண்ணீர்.

"போட்டுக்கோ கண்ணு."

"நாளைக்குக் காலையில கிளினிக்குக்கு வருவியா?"

"வருவேன். நாளைக்கு மட்டும் விடுதி லோடு வருது, நான் இல்லைன்னா ரோலர் நிக்கும். அக்கா ஒத்தையா என்ன பண்ணுவா? நாளன்னைக்கு கண்டிப்பா..."

மகள் மாத்திரையை எடுத்தாள். சிமிழுக்குள் போட்டாள். மூடியைத் திருகினாள்.

தான் என்ன சொன்னோம் என்பது தாய்க்கு அப்போதுதான் காதில் விழுந்தது. நாக்கு தன்பாட்டில் சொல்லிவிட்டது. எத்தனை ஆண்டுகளாய்ச் சொல்லிப் பழகிய வாய். இனி எதைச் சொன்னாலும் இவள் நம்பமாட்டாள். நம்பக் காரணமும் இல்லை.

எழுந்தாள். கைகூடக் கழுவாமல் கதவைத் திறந்துகொண்டு படியிறங்கினாள். மகள் பின்னால் வந்து தளத்தில் நின்றாள்.

ரேடியோ வாசலில் அமர்ந்து வெங்காயச் சருகை ஊதித் தள்ளிக்கொண்டிருந்தாள். "என்னடி, சோத்துக் கையோட வரே? உப்பு வேணுமா?"

"அக்கா, நாளைக்கு நான் வேலைக்கு வரலை."

"விளையாடறியா? மூணு வண்டித் துணிடி."

"ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"என்னவாம்? ஜுரமா? சொந்தக்காரங்க யாராவதா?"

பொய் வாசலில் வந்து நின்றது. தானே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரக் காத்திருந்தது. தலைக்குமேல் மகளின் மூச்சு கேட்டது.

"எனக்கு எச்.ஐ.வி. இருக்குக்கா. இவளுக்கும். இவ பிறக்கறதுக்கு முன்னாடியே வந்தது. மாத்திரை சாப்பிடறோம். மாமா மாமான்னு போன்ல சொல்றது அதுதான்."

ரேடியோ ஊதுவதை நிறுத்தினாள்.

"அன்னைக்கு உன் கை சூடு பட்டுதே, அது நான் தூங்கினதால இல்ல. மாத்திரையில தலை சுத்துச்சு. உன்கிட்ட சொல்லியிருக்கணும். சொல்லலை. உன் கை போயிருக்கும்."

ரேடியோ தன் வலக்கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு இவளுடைய கையைப் பார்த்தாள். "இத்தனை வருஷம் ஒரே விரிப்பைப் பிடிச்சோம்," என்றாள், தனக்கே சொல்வதுபோல. "உன் டப்பாவுல கைவிட்டுச் சாப்பிட்டிருக்கேன்."

"அதனாலெல்லாம் ஒட்டாதுக்கா."

"ஒட்டலைங்கறது எனக்குத் தெரியாதா? கல்லு மாதிரி இருக்கேனே." குரல் சட்டென்று ஏறியது. "என் கோவம் அது இல்ல. என் கை அந்த உருளைக்குள்ள போயிருந்தா? நீ வாயை மூடிக்கிட்டு மறுநாளும் எதிர்ல நின்னியே, அதுக்கு உன்னை என்ன பண்றது? எனக்கு இப்பச் சொல்லத் தெரியலை. போ. மேல போ."

"நாளைக்கு..."

"சூப்பர்வைசர்கிட்ட நான் பேசிக்கறேன். இதை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியமெல்லாம் கேக்காதே. என் வாயை எனக்கே தெரியும். முயற்சி பண்றேன்."

வெங்காயக் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. கோபத்தில் விழுந்ததா, வெறுமனே விழுந்ததா என்று இவளுக்குப் புலப்படவில்லை. கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு படியேறினாள். மகள் வழிவிட்டு நின்றாள். தோளைத் தொடவில்லை, ஆனால் அவள் ஏறி முடிக்கும் வரை கதவைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே வந்து தாய் நாற்காலியில் விழுந்தாள். "ஊருக்கே தெரிஞ்சுடும்," என்றாள்.

"தெரியட்டும்."

"ரோலரை விட்டு எடுத்துடுவாங்க."

"எடுத்தா இஸ்திரி மேசையில நில்லு. இல்ல, எனக்குக் கம்பி எடுத்துக் குடு."

மகள் சிமிழைத் திறந்தாள். மாத்திரையை நாவின்மேல் வைத்தாள், குவளையைச் சரித்தாள், விழுங்கினாள். பிறகு, சிறுமியாயிருந்தபோது ஒவ்வொரு மாலையும் செய்ததுபோல் வாயை அகலத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள். தாய் எட்டிப் பார்த்தாள். பார்க்காமலிருக்க முடியவில்லை.

"போச்சா?" என்றாள் மகள்.

"போச்சு."

"நாளையிலேருந்து நீயும் காட்டணும். தினம்."

"காட்டறேன்டி."

"காட்டறேன்னா பத்தாது. இப்பவே ஒரு தடவை காட்டு. பழகிக்கோ."

"இப்ப எதுக்கு? இப்ப நான் ஒண்ணும் முழுங்கலையே."

"காட்டும்மா."

தாய்க்குச் சிரிப்பு வந்தது; கண்ணிலும் நீர் வந்தது. வெட்கப்பட்டு, பின் வாயைத் திறந்தாள். மகள் மோட்டாரின் உட்புறம் பார்க்க வைத்திருந்த சிறு டார்ச்சை எடுத்து அடித்தாள். தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அப்பக்கம், இப்பக்கம், நாக்கின் கீழே. எரிந்த காயிலைச் சோதிக்கிறவளின் பொறுமையோடு பார்த்தாள். பார்வை ஓரிடத்தில் நின்றது.

"பின்பல்லு ஒண்ணு பாதிக்கு மேல சொத்தை. ஈறு வீங்கியிருக்கு. எத்தனை நாளா?"

தாய் வாயை மூடிக்கொண்டாள்.

"இதையும் நாளைக்கு சிஸ்டர்கிட்ட சொல்லணும். வலிக்குதா?"

இல்லை என்ற சொல் நாவின் நுனிக்கு வந்துவிட்டது. தாய் அதை அங்கேயே நிறுத்தினாள். மகள் டார்ச்சை அணைக்காமல் காத்திருந்தாள்.

"வலிக்குது," என்றாள். "ரொம்ப நாளா வலிக்குது."